அது மருதாணிதான் என்று எழுது

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்தால் அக்கா நேராக என் கடைக்குத்தான் வருவார். செருப்பை வாசலில் கழற்றி இரண்டையும் ஒட்டி வைப்பார். கைப்பையிலிருந்து சீப்பை எடுத்து, கண்ணாடி பார்க்காமலே வகிடு பிசகாமல் வாரி, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“மெயில்ல மூஞ்சி தெரியாதுக்கா” என்றேன்.

“எனக்குத் தெரியுதுல்ல” என்றார்.

அப்புறம் சொல்லத் தொடங்குவார். நான் அதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தட்டுவேன். சொல்வது எப்போதும் ஒரே சேதிதான்.

“ஐயா, அம்மா, வணக்கம். உங்க இன்டர்நெட் பக்கத்துல ஒரு பொண்ணோட கைய படமா போட்டுகினு கீறீங்க. அந்தக் கையில தெரியுற செகப்பு கம்பெனி மருந்தால வந்தது இல்ல. அது மருதாணி. எங்க ஊர்ல பொம்பளைங்க ஆசைக்கு வெச்சிக்கறது. மருந்தால தோலு உரிஞ்சது நெஜம். கலரு மட்டும் மருதாணி. கீழ போட்டுகீற எழுத்த மாத்திடுங்க. மாத்துனா ஒரு வார்த்த சொல்லுங்க.”

போன வாரம் அடித்ததையே எடுத்து ஒட்டிவிடலாம் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். ஒப்புக்கொள்ள மாட்டார். “ஆளு வேற இல்ல? வேற ஆளுக்குச் சொல்றத புதுசாத்தான் சொல்லணும்” என்பார். எனக்கு அலுப்பாக இருக்கும். விரல் தானாகத் தட்டும், கண் வாசலில் நிற்கும் அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கும். அலுத்துக்கொள்ளாமல் ஒரே சேதியை உலகத்துக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் அக்கா ஒருவர்தான். இல்லை, அவருக்கும் அலுத்துத்தான் இருக்கும். வெளியே காட்டிக்கொள்ளமாட்டார்.

அப்போது நான் ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட்டில் போய்க்கொண்டிருந்தார். கேபினுக்குக் கதவும் வேண்டாம், திரையும் வேண்டாம் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டதால் ஒரு மாதிரியான கூட்டம் என் கடைப் பக்கம் எட்டிப் பார்க்காது. பயோடேட்டா அடிக்க வரும் ஐடிஐ பையன்கள், ரிசல்ட் பார்க்க வருகிறவர்கள், துபாயில் இருக்கும் புருஷனோடு பேச வரும் பெண்கள், இவர்கள்தான் என் வாடிக்கை. கரண்ட் போனால் யுபிஎஸ் கத்தும். “சேவ் பண்ணுங்க, சேவ் பண்ணுங்க” என்று அதற்கு மேல் நான் கத்துவேன்.

அக்கா ஒரு லேடீஸ் ஹாஸ்டலின் வார்டன். ஹாஸ்டல் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். குன்றத்தூர் போகிற வழியில் ஒரு மாடி வீடு. அறை அறையாகப் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும் பெண்கள். பின்பக்கம் கிணறு, கிணற்றடியில் ஆள் உயரத்துக்கு ஒரு மருதாணிச் செடி. பெண்கள் எல்லாரும் தென்பக்கத்துக்காரர்கள். பிளஸ் டூ முடித்த கையோடு ஏஜென்ட் மூலமாக வந்து கம்பெனி லைனில் நிற்கிறவர்கள். அக்காவுக்குச் சொந்த ஊர் செம்பரம்பாக்கம் ஏரிக்கு அந்தண்டை. கல்யாணம் ஆகி, அது நிலைக்காமல், இந்த வேலைக்கு வந்து சேர்ந்தவர் என்பதற்கு மேல் அவர் கதை எனக்குத் தெரியாது. கேட்டால் “அத வுடும்மா” என்று ஒரே வார்த்தையில் மூடிவிடுவார்.

கம்பெனி வேன் வரும் நேரத்துக்கு அக்கா கேட்டில் நிற்பார். ஒவ்வொருத்தியாகத்தான் வெளியே விடுவார். ஹேர்பின் கோணலாக இருந்தால் எடுத்துக் குத்துவார். செருப்பு வார் பிய்ந்திருந்தால் தன் செருப்பைக் கழற்றிக் கொடுப்பார். வேன் டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பார்.

“லைன்ல குல்லா போட்டுத்தானக்கா நிக்கப் போறோம், தலைய யாரு பாக்கா?” என்று ஒருத்தி முனகினால், “வெளிய போறது ஒழுங்கா போணும்” என்பார். அதுதான் அவருடைய சட்டம். ஆளோ, சாப்பாட்டுக் கேரியரோ, பேச்சோ, கேட்டைத் தாண்டினால் ஒழுங்காகத் தாண்ட வேண்டும்.

ஒரு முறை வெளிநாட்டிலிருந்து ஒரு பெண்மணி ஹாஸ்டலைப் பார்க்க வந்தார். இங்கே கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஏதோ ஆராய்ச்சி. வெயிலில் அலைந்து வந்ததில் அவர் தலைமயிர் கலைந்து காற்றில் பறந்துகொண்டிருந்தது. அக்கா அவரைப் படியில் உட்காரவைத்து எண்ணெய் தடவி, படிய வாரி, பின்னல் போட்டுக் கனகாம்பரம் வைத்துத்தான் அனுப்பினார். பாவம், அந்த அம்மாள் கழுத்தை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாராம். போகும்போது தன் மெயில் முகவரி அச்சடித்த அட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். எந்த உதவி என்றாலும் எழுதுங்கள் என்று சொல்லியிருந்தார். அந்த அட்டை ஜெபமாலை தொங்கும் ஆணியில் ரொம்ப நாள் செருகியிருந்தது.

பேச்சியின் கை உரிந்த பிறகுதான் அக்கா அதை எடுத்தார்.

பேச்சி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். கறுப்பாக, கொடி மாதிரி இருப்பாள். அவள் போன கம்பெனியில் துணி துவைக்கும் எந்திரத்துக்குள் போகிற சின்னச் சின்ன மின்பலகைகள் செய்தார்கள். அந்த எந்திரங்களை விற்பது வெளிநாட்டில் பெயர் பெற்ற ஒரு கம்பெனி. பலகைகளை ஒரு ரசாயன மருந்தில் முக்கி அலசும் இடத்தில் பேச்சிக்கு வேலை. கொடுக்கிற கிளவுஸ் ஷிப்ட் முடிவதற்குள் கிழிந்துவிடும். வேறு கேட்டால் கிடைக்காது. சில மாதத்தில் அவள் உள்ளங்கையும் விரல்களும் தோல் உரிந்து வெடித்துவிட்டன. சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டாள். நல்ல கிளவுஸ் கொடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் கேட்டாள். கூட வேலை செய்த சில பெண்களும் அவளோடு போய் நின்று கேட்டார்கள். அடுத்த வாரம் அத்தனை பேரையும் டிரெய்னிங் முடிந்துவிட்டது என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள்.

அக்கா அந்தப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஏறாத படி இல்லை. டிரெய்னிகளுக்கு ஒன்றும் செய்ய முடியாது என்று எல்லா இடத்திலும் ஒரே பதில். ஒரு நிருபர் வந்தார், டீ குடித்தார், போனார். அந்த அலைச்சலுக்குப் பிறகுதான் அட்டையை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். பேச்சிக்கும் மற்றவர்களுக்கும் வேலை திரும்பக் கிடைக்க வேண்டும், லைனில் இருப்பவர்களுக்கு நல்ல கிளவுஸ் வேண்டும். இதை எழுதச் சொன்னார். எழுதினேன்.

பதில் மறுநாளே வந்தது. அந்த அம்மாள் தன் ஊரில் தொழிலாளர்களுக்காகப் பேசும் ஒரு சின்னக் குழுவில் இருக்கிறாராம். இதை இணையத்தில் ஒரு பக்கமாகப் போடுகிறோம், பார்க்கிறவர்கள் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அவர்கள் பெயரில் அந்தப் பெரிய கம்பெனிக்கு ஒரு மெயில் போய்விடும் என்று எழுதியிருந்தார். படம் மட்டும் வேண்டும்.

அக்காவுக்கு விளக்கினேன்.

“அமுக்குறது யாருன்னு நமக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியாதுக்கா.”

“நம்மள அவங்களுக்கு?”

“தெரியாது.”

“தெரியாதவங்க முன்னாடி இன்னும் ஒழுங்கா நிக்கணும்” என்றார்.

படம் எடுத்த அன்றைக்கு நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். ஸ்டுடியோக்காரரிடம் டிஜிட்டல் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு ஹாஸ்டல் மொட்டை மாடிக்குப் போனேன். வேலை போன பெண்கள் தீபாவளிச் சுடிதார் போட்டு, பவுடர் அப்பி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். வெளிநாட்டுக்குப் போகிற போட்டோ இல்லையா. அக்கா ஒவ்வொருத்தியாக வாரிவிட்டுக்கொண்டிருந்தார். எல்லார் கையிலும் முந்தின நாள் அரைத்து வைத்த மருதாணி. விரல் நுனிகளில் தொப்பி, உள்ளங்கையில் வட்டம். பேச்சி மட்டும் கை முழுக்கப் பூசியிருந்தாள்.

“எரிச்சலுக்குக் குளுந்து கெடக்கும்லா” என்றாள். “பொறவு, உரிஞ்ச கைய அப்படியே எப்படிக்கா வெளிநாட்டுக்காரவளுக்குக் காட்டுதது?”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பட்டது என்றுகூடச் சொல்ல முடியாது. மருதாணி வைத்த கை எங்கள் கண்ணுக்கு வெறும் கைதான். நல்ல நாளுக்குக் கைக்கு மருதாணி இருக்கும், அவ்வளவுதான். வரிசையாக நிற்க வைத்து ஒரு படம், பேச்சி கையை நீட்டி ஒரு படம். இரண்டையும் அனுப்பினேன்.

வரிசைப் படம் ஆகாது என்று பதில் வந்தது. எல்லாரும் சிரிக்கிறார்கள், கல்யாண வீடு போல இருக்கிறது என்று அந்த அம்மாள் நாசூக்காகச் சொல்லியிருந்தார். கைப் படம் போதும், அதைப் பார்த்து எங்கள் அலுவலகத்தில் ஒருவர் அழுதேவிட்டார் என்றும் எழுதியிருந்தார். ஏன் அழுதார் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

சில நாளில் பக்கம் வந்துவிட்டது. கடை முழுக்க ஹாஸ்டல் பெண்கள். திரையை மறைத்துக்கொண்டு அத்தனை தலைகள். பேச்சியின் கை பெரிதாக, ஆரஞ்சும் சிவப்புமாகத் தெரிந்தது. கீழே எத்தனை பேர் மெயில் அனுப்பினார்கள் என்று ஒரு எண். நான் பக்கத்தைப் புதுப்பிக்கப் புதுப்பிக்க அது ஏறிக்கொண்டே இருந்தது. ஒருத்தி கை தட்டினாள். எங்கேயோ, பெயர் சொல்ல வராத ஊர்களில், யாரோ எங்கள் பேச்சிக்காகப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு மயிர் கூச்செறிந்தது, பொய் சொல்வானேன்.

“கீழ இன்னாம்மா எழுதிகீது?” என்று அக்கா கேட்டார்.

வாய்விட்டுப் படித்து அப்படியே தமிழில் சொன்னேன். “ரசாயனம் இந்தப் பெண்ணின் கைகளை நிரந்தரமாகச் சிவப்பாக்கிவிட்டது.”

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அடுத்தவள் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் கடையே சிரித்தது. பேச்சி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் ஒவ்வொருத்தியாக நிறுத்தினார்கள்.

“அது மருதாணி” என்றார் அக்கா. “அது மருதாணிதான்னு எழுதும்மா.”

உடனே எழுதவில்லை. இரண்டு மூன்று நாள் அந்தச் சண்டை நடந்தது. உள்ளே வேலையில் இருந்த பெண்கள் சேதி கொண்டுவந்தார்கள். வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து கேள்வி மேல் கேள்வி வருகிறதாம், மேனேஜர் முகம் செத்துப்போயிருக்கிறதாம், நிறுத்தினவர்களைத் திரும்ப எடுப்பதைப் பற்றிப் பேச்சு நடக்கிறதாம். இந்த நேரத்தில் போய் வாயைக் கொடுக்கலாமா என்று நானே சொன்னேன். நாம் பொய் சொல்லவில்லை, அவர்களாக நினைத்துக்கொண்டதற்கு நாம் என்ன செய்வது என்றேன்.

பேச்சி ஹாஸ்டல் படியில் உட்கார்ந்துகொண்டு நிதானமாகத்தான் கேட்டாள்.

“உரிஞ்சது நெசந்தானக்கா?”

“நெஜம்.”

“எரிஞ்சது நெசந்தான?”

“நெஜந்தான்மா.”

“பொறவு கலர்ல என்ன இருக்கு? என் கைதான? நான் சொல்லுதேன், இருக்கட்டும். எனக்கு வேல வேணும்க்கா. வீட்டுல தங்கச்சி படிக்கா.”

அக்கா படியில் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். அவளுடைய பின்னலை எடுத்து மடியில் போட்டு, அவிழ்ந்திருந்த நுனியை முடிந்தார். “கை உன்னுதுதான். அனுப்பினது நானு. எங்கிட்டருந்து கோணலா ஒண்ணு வெளிய போயிட்ச்சு. எனக்கு சோறு எறங்கல” என்றார். மறுநாள் கடைக்கு வந்து, தலையை வாரிக்கொண்டு, நான் மேலே சொன்ன மெயிலை முதன்முதலாகச் சொல்லி அடிக்க வைத்தார்.

அவர் செய்தது சரியா தவறா என்று இன்றுவரை நான் இரண்டு பக்கமும் நின்று பார்த்துவிட்டேன். நின்று நின்று கால் வலித்ததுதான் மிச்சம்.

வெளிநாட்டு அம்மாளின் பதில் இந்த முறை தாமதமாக வந்தது. பக்கத்தை எடுத்துவிட்டோம், சரிபார்த்து மறுபடி போடுகிறோம் என்றிருந்தது. கடைசியில் ஒரு வரி. இங்கே யாருக்கும் தெரிந்திருக்காதே, ஏன் சொன்னீர்கள்?

“இதுக்கு இன்னாக்கா எழுதறது?”

“இங்க எல்லாருக்கும் தெரியும்னு எழுது” என்றார்.

பக்கம் மறுபடி வரவே இல்லை. அதற்குள் அவர்களுக்கு வேறு நாட்டில் வேறு பிரச்சினை வந்திருக்கும். குறை சொல்லமாட்டேன். பொத்தானை அழுத்துகிறவர்களும் வேலைக்குப் போய் வருகிறவர்கள்தானே, எத்தனையைத்தான் அழுத்துவார்கள்.

கம்பெனியிலிருந்து ஒருவர் ஹாஸ்டலுக்கே பேச வந்தார். ஆள் சேர்க்கிற, நீக்குகிற பிரிவில் பெரிய பதவி. அக்கா என்னையும் வரச் சொல்லியிருந்தார், அந்த மெயிலின் பிரிண்ட்டோடு. வந்தவருக்குப் பிளாஸ்டிக் சேரைத் துடைத்துப் போட்டார். நல்ல கப்பில் டீ கொடுத்தார். பேச்சியை வாரிப் பின்னிப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். வந்தவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் விரித்தார். இணையத்திலிருந்து நீக்கப்பட்ட அந்தப் பக்கத்தை அவர்கள் முன்பே பிரிண்ட் போட்டு வைத்திருந்தார்கள்.

“மேடம், எங்க வீட்லயும் லேடீஸ் இருக்காங்க. இது மருதாணிதானே?”

“மருதாணிதான் சார்” என்றார் அக்கா. “நாங்களே எழுதிட்டோம்.”

என் கையிலிருந்த தாளை வாங்கி நீட்டினார். அவர் படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார். வரும்போது கொண்டுவந்த தெம்பு முகத்திலிருந்து கொஞ்சம் இறங்கியது. டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, “அப்ப மிச்சமும் இப்படித்தான்னு நாங்க எடுத்துக்கலாமா?” என்றார்.

“கையக் காட்டும்மா” என்றார் அக்கா.

பேச்சி அந்தத் தாளுக்குப் பக்கத்தில் கையை வைத்தாள். மருதாணி போய்விட்டிருந்தது, நகங்களில் மட்டும் மிச்சம். விரல் மடிப்புகளில் வெடிப்பு வெடிப்பாக, வெள்ளையும் ரோஜா நிறமுமாகத் தோல். படத்தைவிட நேரில் மோசமாக இருந்தது. வந்தவர் பார்த்தார், பிறகு டீ கப்பைப் பார்த்தார். “கைய எடுத்துக்கோம்மா” என்றார் மெதுவாக.

போகும்போது சொன்னார். கிளவுஸுக்கு ஏற்பாடு செய்கிறோம், தடிமனானது. ஆனால் இந்தப் பெண்களைத் திரும்ப எடுத்தால் பொய்ப் பிரச்சாரம் செய்தவர்களை எடுத்தது போலாகிவிடும், நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், வெளிநாட்டில் எங்களைக் கேட்பார்கள். அக்காவின் மெயில் பிரிண்ட்டை ஞாபகமாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

கிளவுஸ் வந்தது. முழங்கை வரைக்கும் இருக்கிறது என்று உள்ளேயிருந்த பெண்கள் காட்டினார்கள். அக்கா ஒன்றை வாங்கிக் கையில் மாட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். வேலை மட்டும் யாருக்கும் திரும்ப வரவில்லை. மற்றவர்கள் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வேறு வேறு கம்பெனிகளில் ஒட்டிக்கொண்டார்கள். பேச்சியின் கையைப் பார்த்ததும் எல்லா இடத்திலும் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஊருக்குக் கிளம்பினாள்.

நான் பஸ்ஸேற்றிவிட ஹாஸ்டலுக்குப் போயிருந்தேன். அக்கா வழக்கம்போலக் கேட்டில் நின்றார், கையில் சீப்போடு. பேச்சி நிற்காமல் தாண்டிப் போனாள்.

“நான் வாரிட்டேன்க்கா” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அக்கா சீப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு கேட்டைச் சாத்தினார்.

கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் படம் முடியவில்லை. முதல் பக்கத்தை நீக்குவதற்குள் யார் யாரோ படத்தைத் தங்கள் பக்கங்களுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். சுற்றுச்சூழல் பக்கம் ஒன்றில் இருந்தது. வாசிக்கவே தெரியாத மொழிகளில் இருந்தது. ஒரு பக்கத்தில் அது வேறு ஏதோ நாட்டுச் சாயப்பட்டறைப் பெண்ணின் கையாகிவிட்டிருந்தது. நான் ஓய்வு நேரத்தில் தேடி எடுத்து வைப்பேன். அக்கா ஞாயிற்றுக்கிழமை வந்து ஒவ்வொருவருக்கும் சொல்லுவார். ஐயா, அம்மா, வணக்கம்.

பெரும்பாலும் பதில் வராது. சில இடங்களிலிருந்து, உங்கள் கடிதத்துக்கு நன்றி, விரைவில் தொடர்புகொள்கிறோம் என்று அந்த நிமிஷமே வரும். அது எந்திரம் அனுப்புவது என்று சொன்னால் அக்கா நம்பமாட்டார். “நன்றின்னு சொன்னவங்களுக்கு நாமளும் நன்றி சொல்லணும்” என்று அதற்கும் ஒரு மெயில் அடிக்க வைப்பார். அதற்கும் எந்திரம் நன்றி சொல்லும். ஒரு நாள் அக்காவும் எந்திரமும் இப்படி மாறி மாறி மரியாதை செய்துகொண்டிருந்தபோது நான் அழாக்குறையாகச் சிரித்தேன். அக்காவும் கொஞ்சம் சிரித்தார்.

வருஷம் போனது. அக்காவின் முன்வகிட்டில் நரை தெரிந்தது. ஹாஸ்டலில் பெண்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பேச்சி யார் என்று கேட்டால் புதியவர்களுக்குத் தெரியாது. நான் பிராட்பேண்ட் போட்டேன், சொந்தமாக டிஜிட்டல் கேமரா வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மெயில் மட்டும் மாறவில்லை. ஒருவேளை அக்காவுக்கு அது பாவசங்கீர்த்தனம் மாதிரி ஆகிவிட்டதோ என்று நினைப்பேன். எந்தப் பாதிரியார் மன்னித்தாலும் அவருக்குப் போதவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு நிஜ மனிதரிடமிருந்து பதில் வந்திருந்தது. எங்கோ ஒரு கல்லூரியில் பாடம் எடுப்பவராம். சின்ன மெயில். நான் அக்காவுக்கு வரி வரியாகச் சொன்னேன். தெரியப்படுத்தியதற்கு நன்றி. படத்தின் கீழ் இருந்த வாசகத்தை மாற்றிவிட்டேன். மருதாணி என்று போட்டிருக்கிறேன்.

அக்கா கண்ணை மூடி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

“இன்னொரு வரி கீதுக்கா” என்றேன்.

“படி.”

“அந்தப் பெண்ணின் கை இப்போது எப்படி இருக்கிறது?”

அக்கா கண்ணைத் திறந்தார். திரையைப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் வராது, ஆனாலும் அந்த வரி எது என்று தேடுகிறவர் போலப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்த வெளிநாட்டு அம்மாள் கேட்கவில்லை, பொத்தானை அழுத்தியவர்கள் கேட்கவில்லை, கம்பெனிக்காரர் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஞாயிறு தவறாமல் அந்தக் கையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

“பேச்சி நம்பர் கீதா உங்கிட்ட?” என்றார்.

“இல்லக்கா. உங்ககிட்ட?”

“பக்கத்து வூட்டு நம்பரு ஒண்ணு குடுத்துச்சு. அது எப்பவோ போவாம பூட்ச்சு.” பிறகு, “சங்கரன்கோவில்ல எறங்கி இன்னொரு பஸ்ஸு புடிக்கணும்னு பேச்சி சொல்லும்” என்றார். ஊர்ப் பெயரை இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதில் எது சரி என்று எனக்கும் தெரியவில்லை.

“இப்ப இவருக்கு இன்னா எழுதட்டும்?”

“பாத்துட்டு வந்து சொல்றேன்னு எழுது.”

எழுதினேன். அத்தனை வருஷத்தில் அவர் சொல்லி நான் அடித்த மெயில்களிலேயே சின்னது அதுதான்.

மறுநாள் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். பெருங்களத்தூர் போய் அங்கிருந்து தெற்கே போகிற வண்டி பிடிப்பதாகச் சொன்னார். கையில் ஒரு துணிப்பை. தலை கலைந்து கிடந்தது. காலையில் வாரினதாகவே தெரியவில்லை. அவரை அப்படி நான் பார்த்ததில்லை. எனக்கு என்னவோ போலிருந்தது. எதையாவது கொடுத்தனுப்ப வேண்டும் என்று தோன்றியது.

“கொஞ்சம் இருங்கக்கா, கடையில கேமரா கீது, எடுத்தாறேன். கொண்டுபோங்க.”

பஸ் வந்துவிட்டது. அக்கா படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

“வேணாம்மா. படத்துக்குப் போவல. கையப் பாக்கப் போறேன்.”